ஃபைல் பெயர்களைச் சுத்தம் செய்ய எந்தக் கமாண்ட்? தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஓர் ஒப்பீடு

"மாமா, நாப்பது ஃபோட்டோ இருந்துச்சு. இப்ப பதினொண்ணுதான் இருக்கு."

அக்கா மகன் போனில் இப்படிச் சொன்னதும் நான் முதலில் சந்தேகப்பட்டது பென் டிரைவைத்தான். வீட்டுப் பழைய ஆல்பத்தை அவன் ஒவ்வொரு படமாக ஸ்கேன் செய்து, படத்தில் இருப்பவரின் உறவுமுறையையே ஃபைல் பெயராக வைத்திருந்தான். அம்மா, அப்பா, அத்தை, சின்னப்பாட்டி என்று போகும் பட்டியல். பிறகு எங்கோ பார்த்த ஒரு வரியை டெர்மினலில் ஒட்டி ஓட்டியிருக்கிறான். ஆங்கில எழுத்து, எண், புள்ளி தவிர மீதி எல்லாவற்றையும் அடிக்கோடாக மாற்றும் வரி அது. எழுத்துகளை மாற்றும் டிஆர் கமாண்டும் ஃபைல் பெயரை மாற்றும் எம்வி கமாண்டும் சேர்ந்த ஒரு சின்ன லூப்.

எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். 'அம்மா'வில் அ, ம, புள்ளி, ம, கால் என்று 5 குறிகள், ஆக 15 பைட். அப்பாவும் 15, அத்தையும் 15. லினக்ஸில் இருக்கும் டிஆர் பைட் பைட்டாகத்தான் பார்க்கும். அதனால் மூன்று பேருக்கும் ஒரே பெயர் கிடைத்தது: 15 அடிக்கோடு. முதலில் அத்தைக்குப் பெயர் மாறியது, அந்த இடத்தில் அப்பா வந்து உட்கார்ந்தார், அவர் மேல் அம்மா. எம்வி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது கேட்கிற வழக்கமும் இல்லை.

இதற்கு எந்தக் கமாண்ட் நல்லது என்று கேட்டு வருபவர்களுக்கு ஒற்றை விடை சொல்ல நான் தயங்குவதற்கு இதுதான் காரணம். ஆங்கிலப் பெயர்களில் எந்தக் கருவியும் ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்யும். தமிழ்ப் பெயர் கலந்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. கமாண்ட்களைப் போனில் சொல்லிக் கொடுப்பதுபோல் உச்சரிப்பிலேயே எழுதுகிறேன். 'மைனஸ் என்' என்றால் ஒரு சிறு கோடும் அந்த எழுத்தும்.

## எதை வைத்து எடை போடுகிறேன்

மோதல். இரண்டு ஃபைலுக்கு ஒரே புதுப்பெயர் வந்தால் கருவி என்ன செய்கிறது? அழித்து எழுதுகிறதா, மறுக்கிறதா, வேலையையே தொடங்காமல் நிற்கிறதா? என் கணக்கில் பாதி மதிப்பெண் இதற்குத்தான்.

முன்னோட்டம். செய்யப்போவதை முதலில் காட்டுமா? டெர்மினலில் பெயர் மாற்றியதைத் திரும்பப் பெறும் வசதி அநேகமாக எங்குமே இல்லை.

தமிழ். உயிர்மெய்யைச் சிதைக்காமல் விடுமா? தமிழை விட்டுவிட்டு இடைவெளியையும் அடைப்புக்குறியையும் மட்டும் கழற்ற முடியுமா?

உள் ஃபோல்டர்கள். ஃபோல்டருக்குள் ஃபோல்டர் இருந்தால் அடியிலிருந்து மேலே வர வேண்டும். மேலே இருக்கும் ஃபோல்டரின் பெயரை முதலில் மாற்றினால், உள்ளே இருப்பவற்றின் பாதை செல்லாமல் போகும்.

வேகத்தைக் கணக்கில் எடுக்கவில்லை. சில ஆயிரம் ஃபைலுக்கு எதுவுமே நொடிக் கணக்குதான்.

## முதலில் 'சுத்தம்' என்றால் என்ன?

லினக்ஸில் ஃபைல் பெயருக்குள் வரக்கூடாதவை இரண்டே இரண்டு: முன்சாய்வுக் கோடு, சுழி பைட். இடைவெளி, ஆச்சரியக்குறி, ஒரு வரி முறிவுகூட சட்டப்படி செல்லும். விண்டோஸ் 9 குறிகளைத் தடுக்கும்: கோலன், கேள்விக்குறி, நட்சத்திரம், இரட்டை மேற்கோள், இரு கோண அடைப்புகள், நெடுங்கோடு, இரு சாய்வுக் கோடுகள். ஃபைல்கள் பென் டிரைவில் ஏறி விண்டோஸுக்குப் போகப்போகிறது என்றால் இந்த ஒன்பதை நீக்கினால் பெரும்பாலும் போதும். தமிழை நீக்கத் தேவையே இல்லை. இணையத்தில் சுற்றும் ஒருவரித் தீர்வுகள் பெரும்பாலும் ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் தங்கள் ஃபைல்களுக்காக எழுதிக்கொண்டவை.

நீளம் மட்டும் நிஜமான சிக்கல். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் ஃபைல் அமைப்பில் ஒரு பெயருக்கு 255 குறிகள் வரை இடம் உண்டு. லினக்ஸின் இஎக்ஸ்டி4-இல் 255 பைட். தமிழில் அது 85 குறிகள்தான், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படும். செய்திக் கட்டுரையின் முழுத் தலைப்பையும் பெயராக வைத்துச் சேமித்த பிடிஎஃப், விண்டோஸில் சும்மா கிடக்கும். லினக்ஸுக்கு நகலெடுக்கும்போது 'பெயர் மிக நீளம்' என்று நின்றுவிடும்.

## ஒரே பார்வையில்

| கருவி | மோதல் வந்தால் | முன்னோட்டம் | தமிழ்ப் பெயர் | உள் ஃபோல்டர் |
|---|---|---|---|---|
| லூப் + எம்வி | அழித்து எழுதும் | எக்கோ போட்டுப் பார்க்கலாம் | நாம் எழுதும் விதிப்படி | ஃபைண்ட் (ஃபைல் தேடும் கமாண்ட்) வேண்டும் |
| ரீநேம் (பெர்ல்) | மறுக்கும் | உண்டு | மைனஸ் யூ கொடுத்தால் நன்று | ஃபைண்ட் வேண்டும் |
| ரீநேம் (யூட்டில்-லினக்ஸ்) | அழித்து எழுதும் | உண்டு | தொடாது | ஃபைண்ட் வேண்டும் |
| டீடாக்ஸ் | மறுக்கும் | உண்டு | தேர்ந்தெடுக்கும் வரிசையைப் பொறுத்து | தானே போகும் |
| விடிர் | பழையதை ஒதுக்கி வைக்கும் | எடிட்டரே முன்னோட்டம் | தொடாது | ஃபைண்ட் பட்டியலை ஏற்கும் |
| ஜெட்எம்வி | எதையும் தொடாமல் நிற்கும் | உண்டு | நன்று | தானே போகும் |
| எஃப்2 | நிற்கும் | கேட்காமலே காட்டும் | விதியில் கவனம் தேவை | தானே போகும் |

## லூப்பும் எம்வியும்

எதையும் நிறுவ வேண்டாம், எந்த சர்வரிலும் இருக்கும். இதன் ஒரே பலம் அதுதான். அக்கா மகன் மாட்டிக்கொண்டதும் அதனால்தான்.

இதையே பயன்படுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் எம்விக்குப் பின்னால் மைனஸ் என் சேருங்கள். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஃபைல் இருந்தால் பழையபடியே விட்டுவிடும். ஜிஎன்யூ எம்வியில் இன்னும் நல்லது 'பேக்கப்' ஆப்ஷனை 'நம்பர்டு' என்று கொடுப்பது. இடித்துக்கொள்ளும் ஃபைல் எண் வால் ஒட்டிப் பிழைத்துவிடும். மேக்கில் வரும் எம்வியில் இந்த வசதி இல்லை. பெயரே சிறு கோட்டில் தொடங்கும் ஃபைல்களும் உண்டு, அதை எம்வி ஆப்ஷன் என்று எடுத்துக்கொள்ளும். அதற்கு இரண்டு கோடு போட்டு ஆப்ஷன் முடிந்தது என்று சொல்ல வேண்டும். எல்எஸ் கொடுக்கும் பட்டியலை லூப்புக்குள் விடாதீர்கள். இடைவெளி உள்ள பெயர் இரண்டாக உடையும். எல்லா ஃபைலையும் குறிக்கும் நட்சத்திரத்தை நேராகக் கொடுங்கள்.

இத்தனையையும் நினைவில் வைத்துக்கொண்டு எழுதுவதாக இருந்தால், ஒரு கருவியை நிறுவுவதே லாபம்.

## ரீநேம்: ஒரே பெயர், இரண்டு ஆள்

லினக்ஸ் வகைகளான உபுண்டுவிலோ டெபியனிலோ ரீநேம் நிறுவினால் கிடைப்பது பெர்ல் மொழியில் எழுதியது. ஃபெடோராவிலும் ஆர்ச்சிலும் ரீநேம் என்று அடித்தால் வருவது யூட்டில்-லினக்ஸ் தொகுப்பின் வேறொரு நிரல். முன்னது வழக்கமான மாற்று விதியை வாங்கும். பின்னது 'இந்தச் சொல்லுக்கு அந்தச் சொல்' என்று இரண்டு சொல்லை வாங்கும், அதையும் இயல்பாகப் பெயரில் முதலில் வரும் இடத்தில் மட்டுமே மாற்றும். ஒன்றுக்கு எழுதிய குறிப்பை மற்றொன்றில் ஓட்டினால் பெரும்பாலும் எதுவும் நடக்காது. 'வேலை செய்யலையே' என்று குழம்புகிறவர்களில் பலர் இங்கே நிற்பவர்கள். ஃபெடோராவில் பெர்ல் வகைக்கு ப்ரீநேம் என்று பெயர், ஆர்ச்சில் பெர்ல்-ரீநேம்.

மோதலில் இரண்டும் நேர் எதிர். பெர்ல் வகை மைனஸ் எஃப் கொடுத்து வற்புறுத்தினால் ஒழிய இருக்கும் ஃபைல் மேல் எழுதாது. யூட்டில்-லினக்ஸ் வகை இயல்பாக எந்தப் பாதுகாப்பும் இல்லாதது, அதன் மேன் பக்கமே (உடன் வரும் உதவிக் குறிப்பு) இந்த எச்சரிக்கையைச் சொல்கிறது.

பெர்ல் வகையின் மறைந்த செலவு தமிழில். சும்மா ஓட்டினால் அதுவும் பைட்டாகத்தான் பார்க்கும். அதே 15 அடிக்கோடு. மைனஸ் யூ போட்டு யூடிஎஃப்-8 என்று சொன்னால்தான் எழுத்தாகப் பார்க்கும். சொல்லிவிட்டால் இந்தப் பட்டியலில் தமிழை இவ்வளவு ஒழுங்காகப் புரிந்துகொள்ளும் கருவி வேறில்லை. காரணம் அடுத்த பகுதியில்.

## சின்ன டபிள்யூவும் தமிழின் காலும் கொம்பும்

பெயர்களைச் சுத்தம் செய்யும் விதிகளில் அடிக்கடி வருவது பின்சாய்வுக் கோடும் சின்ன டபிள்யூவும். 'சொல்லுக்குள் வரக்கூடிய எழுத்து' என்று பொருள். அது அல்லாத எல்லாவற்றையும் நீக்கு என்றால் குப்பை போய்விடும் என்பது எண்ணம். எது சொல்லெழுத்து என்பதில் ஒவ்வொரு நிரல்மொழியும் ஒவ்வொரு கட்சி.

யூனிகோடாகப் பார்க்கும் பெர்லில் தமிழ் எழுத்தும் சேரும், அதை ஒட்டி வரும் சார்புக்குறிகளும் சேரும். 'தமிழ்' 'தமிழ்' ஆகவே இருக்கும்.

பைதானோடு வரும் ஆர்இ மாட்யூலில் எழுத்து சேரும், குறி சேராது. 'தமிழ்' என்பது 'தமழ' ஆகிவிடும். இகரக் குறி போச்சு, புள்ளி போச்சு, மிச்சம் மெய்யும் அகரமும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதால் ஆயிரம் ஃபைல் போன பிறகுதான் கண்ணில் படும். தனியாக நிறுவும் ரீஜெக்ஸ் மாட்யூலில் இந்தக் கோளாறு இல்லை.

கோ மொழியில் சின்ன டபிள்யூ என்றால் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு, அவ்வளவே. தமிழ் முழுதாகவே குப்பை. எஃப்2 கோவில் எழுதப்பட்டது, ஆகவே அங்கும் இதே நிலை. யூனிகோடின் 'எழுத்து' வகை, 'சார்புக்குறி' வகை இரண்டையும் பெயர் சொல்லி விதியில் சேர்க்க வேண்டும்.

இதைச் சுற்றிப்போக ஒரு எளிய வழி: எதை வைப்பது என்று எழுதாமல் எதை நீக்குவது என்று எழுதுங்கள். இடைவெளி, அடைப்புக்குறிகள், கமா, விண்டோஸின் அந்த ஒன்பது. அந்தப் பட்டியலில் தமிழே வராது. எந்தக் கருவியிலும் நான் இப்போது இப்படித்தான் எழுதுகிறேன்.

## டீடாக்ஸ்

விதி எழுதவே வேண்டாம் என்பவர்களுக்கு. ஃபோல்டரைக் காட்டினால் இடைவெளியை அடிக்கோடாக்கும், 'அண்ட்' குறியைச் சொல்லாகவே எழுதும், அடுக்கடுக்காக வரும் அடிக்கோடுகளைச் சுருக்கும். மைனஸ் ஆர் கொடுத்தால் உள்ளே உள்ளே போகும், மைனஸ் என் முன்னோட்டம்.

வரிசை என்று அது அழைக்கும் விதித்தொகுப்புகளில் எது ஓடுகிறது என்பதில்தான் சங்கதி. சில வரிசைகள் ஆங்கிலம் அல்லாத எழுத்தை லத்தீனுக்கு மாற்றப் பார்ப்பவை. எந்த இயந்திரத்தில் எது இயல்புநிலை என்று ஊகிக்காமல், தமிழ்ப் பெயர் கொண்ட இரண்டு மூன்று வெற்று ஃபைல் உருவாக்கி முன்னோட்டம் பாருங்கள். ஆங்கிலப் பெயர்களில் கிடக்கும் டவுன்லோட்ஸ் ஃபோல்டருக்கு இதைவிடச் சோம்பேறித்தனமான, நல்ல தீர்வு இல்லை. தமிழ் ஆவணங்கள் இருக்கும் ஃபோல்டரில் நான் இதை ஓட்டுவதில்லை.

## விடிர்: பெயர்களை எடிட்டரில் திறப்பது

மோர்யூட்டில்ஸ் தொகுப்பில் வருவது. ஃபோல்டரில் உள்ள பெயர்கள் எண்ணோடு எடிட்டரில் வரிசையாக விரியும். திருத்தி, சேமித்து வெளியேறினால் பெயர்கள் மாறியிருக்கும். விம் எடிட்டர் தெரிந்தவர்களுக்கு விருந்து. விதி தேவையில்லை, கண்தான் விதி. 'ஆதார் புதுசு கடைசி 2' போன்ற பெயர்களை எந்த விதியாலும் சரிசெய்ய முடியாது, மனிதன்தான் படித்துப் பார்த்து மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு இது.

பழைய பெயர் ஒன்று குறுக்கே இருந்தால் அதை அலைக்கோட்டு வால் ஒட்டி ஒதுக்குகிறது. ஆனால் ஒரு வரியை நீக்கினால் அந்த ஃபைலே நீங்கும். நிஜமாகவே அழியும். விம்மில் கை பழக்கத்தில் இரண்டு முறை டி அடிப்பவர்கள் கவனிக்க வேண்டும். இந்தப் பயம் இருந்தால் ரீநேம்யூட்டில்ஸ் தொகுப்பின் கியூஎம்வியை எடுத்துக்கொள்ளுங்கள், அது பெயரை மட்டுமே மாற்றும்.

இருநூறு ஃபைலுக்கு மேல் போனால் கண் களைத்துவிடும்.

## ஜெட்எம்வி

மேக் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது எனக்கு ஆச்சரியம். 2019-இல் வந்த கேட்டலினாவிலிருந்து மேக்கின் இயல்பு ஷெல் (கமாண்ட்களை வாங்கி ஓட்டும் நிரல்) ஜெட்ஷெல். அதற்குள்ளேயே இது இருக்கிறது, ஒருமுறை ஆட்டோலோட் செய்தால் போதும்.

இதன் சிறப்பு, தொடங்கும் முன்பே மொத்தக் கணக்கையும் போட்டுவிடுவது. இரண்டு ஃபைல் ஒரே பெயருக்குப் போகிறது என்றால் ஒன்றைக்கூட மாற்றாமல் நின்று, எவை மோதுகின்றன என்று சொல்லும். பெர்ல் ரீநேம் மோதியதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை மாற்றிவிடும், அப்போது பாதி மாறிய, பாதி மாறாத ஃபோல்டர் நம் கையில். அத்தை-அப்பா-அம்மா விஷயத்தில் நான் விரும்பியிருப்பது ஜெட்எம்வியின் பிடிவாதத்தைத்தான்.

அதன் எழுத்துமுறை ஜெட்ஷெல்லுக்கே உரியது. கற்றால் வேறெங்கும் உதவாது.

## எஃப்2

நிறுவினால், கேட்காமலே முன்னோட்டம் காட்டும். மைனஸ் எக்ஸ் கொடுத்தால்தான் செய்யும். மோதலைக் கண்டுபிடித்துச் சொல்லும். கடைசியாகச் செய்ததைத் திருப்பி எடுக்கும் ஆப்ஷன் இருக்கிறது, இந்தப் பட்டியலில் வேறெதிலும் அது இல்லை. சின்ன டபிள்யூ விஷயத்தை மேலே சொல்லிவிட்டேன்.

## இவை எதற்கும் அடங்காத இரண்டு வேலை

பழைய மேக் வட்டுகளில், அதாவது ஹெச்எஃப்எஸ் பிளஸ்ஸில், 'கோ'வில் வரும் ஓகாரக் குறி ஒரே குறியாக இருக்காது; இரட்டைக் கொம்பும் காலும் எனப் பிரித்தே சேமிக்கப்படும். ஏற்கெனவே ஒரு 'கோவை' இருக்கும் லினக்ஸ் ஃபோல்டருக்கு நகலெடுத்தால் அதே பெயரில் இரண்டு ஃபைல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. தேடினால் ஒன்று மட்டும் அகப்படும். இதற்குரியது கன்வ்எம்வி. என்எஃப்சி ஆப்ஷன் கொடுத்தால் பிரிந்ததைச் சேர்க்கும். இயல்பாகவே வெறும் முன்னோட்டம்தான். 'நோடெஸ்ட்' என்று சொன்னால்தான் மாற்றும். மற்ற எந்தச் சுத்தத்துக்கும் முன்னால் இதை ஓட்டுங்கள்.

இன்னொன்று பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. டிடிபி சென்டர்களிலிருந்து வரும் பழைய ஃபைல்களில் 'தமிழ்' என்பது நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகப் பெயரில் கிடக்கும். அரைப்புள்ளி வந்தால் அங்கே ஒரு கமாண்ட் முடிந்தது என்று ஷெல் நினைக்கும், ஆகவே கையால் அடிக்கும்போது மேற்கோளுக்குள் இட வேண்டும். இதை யூனிகோடுக்கு மாற்ற எழுத்துக்கு எழுத்து அட்டவணை வேண்டும், கொம்பை முன்னிருந்து பின்னுக்கு நகர்த்தவும் வேண்டும். இங்கே பைதான் ஸ்கிரிப்ட்தான் சரி. எழுதும்போது, பெயர்மாற்றப் பட்டியல் முழுவதையும் முதலில் ஒரு டிக்‌ஷனரியில் சேர்த்து, புதுப்பெயர்களில் இரட்டிப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். அந்தப் பட்டியலை ஒரு சிஎஸ்வியாகச் சேமித்தால் திரும்பி வரவும் வழி இருக்கும்.

## பெயர் மாறிய பின் வரும் பில்

பேக்கப்புக்கு நகலெடுக்கும் ஆர்சிங்க், பெயர் மாறிய ஃபைலைப் புது ஃபைலாகத்தான் பார்க்கும். 80 ஜிபி கல்யாண வீடியோ மறுபடி முழுதாக ஏறும். பிளேலிஸ்ட் பழைய பெயரைத் தேடும். வலைப்பக்கத்தில் படங்கள் உடையும். ஆவணத்துக்குள் உட்பொதிக்காமல் இணைப்பாக வைத்த படங்களும் அப்படியே. வீடியோ இறக்கும் ஒய்டி-டிஎல்பியின் 'ரெஸ்டிரிக்ட் ஃபைல்நேம்ஸ்' ஆப்ஷன் ஆங்கிலம் மட்டுமே வைக்கும், தமிழ்த் தலைப்பு அங்கேயே போய்விடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

## யாருக்கு எது

ஆங்கிலப் பெயர்கள், நிறைய ஃபோல்டர்கள்: டீடாக்ஸ். தமிழும் ஆங்கிலமும் கலந்த ஆயிரக்கணக்கான ஃபைல், உபுண்டு: பெர்ல் ரீநேம், மைனஸ் யூ, முதலில் மைனஸ் என் (இங்கே அது முன்னோட்டம்). உள் ஃபோல்டர்களும் இருந்தால் ஃபைண்டுக்கு 'டெப்த்' கொடுத்து அதன் வழியாக. மேக்: ஜெட்எம்வி. தவறு செய்துவிடுவோம் என்று தெரிந்தவர்கள்: எஃப்2. எதுவும் நிறுவ முடியாத ஆபீஸ் சர்வர்: லூப், மைனஸ் என்னோடு. விண்டோஸ்காரர்கள் பவர்ஷெல்லின் ரீநேம்-ஐட்டத்தில் 'வாட்இஃப்' போட்டால் முன்னோட்டம் கிடைக்கும்; பெயரில் சதுர அடைப்பு இருந்தால் 'லிட்டரல்பாத்' கொடுக்க மறக்காதீர்கள்.

நூற்றுக்கும் குறைவாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகக் குழம்பிக் கிடந்தால் விடிர். ஆல்பம் அக்கா வீட்டுப் பீரோவிலேயே இருந்ததால் போன ஞாயிற்றுக்கிழமை இருபத்தொன்பது படத்தையும் திரும்ப ஸ்கேன் செய்தார்கள். அவனுக்கு நான் நிறுவிக் கொடுத்தது விடிரை அல்ல, கியூஎம்வியை. அவன் விம்மில் வேகமாக அடிப்பவன்.